எல்லோரும் உடன் வசிக்கிறார்கள்

பர்சனல் டிபார்ட்மென்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தொழிற்சாலையில் பெரிய சிக்கல் வரும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். எழுதுகிறவர் மட்டும் ஒரு யோசனை சொல்வார். மேனேஜர் அவர் தோளைத் தட்டுவார். நானும் அப்படி ஒன்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என் சர்வீஸ் முழுக்கத் துழாவிப் பார்த்ததில், நான் சொன்ன யோசனைக்காக மேனேஜர் என் தோளைத் தட்டியது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்து முடித்தபின் நீங்கள் யாரும் என் தோளைத் தட்டமாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்து, அதற்கு உதிரிபாகம் செய்துகொடுக்கச் சுற்றிலும் சின்னச் சின்ன கம்பெனிகள் முளைத்திருந்த நேரம். நாங்கள் கார் கதவுக்கான ரப்பர் பட்டை செய்தோம். கதவைச் சாத்தினால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்குமே, அது. நான் பர்சனல் அசிஸ்டன்ட், அதாவது ஆள் சேர்ப்பு, சம்பளம், லீவு பார்க்கிறவன். மேலே ஆபீசர் கிடையாது, கீழே கிளார்க் கிடையாது. பர்சனல் டிபார்ட்மென்ட் என்றால் நான், ஒரு இரும்பு பீரோ, ஒரு டேபிள் ஃபேன். மூவரில் ஃபேன்தான் ஒழுங்காக வேலை பார்த்தது.

லைனில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் தெற்கத்திப் பையன்கள். விருதுநகர், ராஜபாளையம், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பத்துக்குப் பத்து அறையை வாடகைக்குப் பிடித்து, அதில் பன்னிரண்டு, பதினாலு பேராகத் தங்குவார்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்று ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டு வருவார்கள். “நீ கொஞ்சம் குடுக்கற, கம்பெனி அதைவிட அதிகமா போடுது. உனக்கோ உன் வூட்டு ஆளுங்களுக்கோ ஒடம்பு சரியில்லன்னா வைத்தியம் இனாம். ஒண்ணும் ஆகலன்னா சாமிக்குப் போட்டதா நெனச்சுக்கோ” என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள். எதைக் கேட்டு வந்தாலும் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சேர்ந்த நூற்று எண்பத்தாறு பேருக்கு நான் ஈ.எஸ்.ஐ. ஃபாரம் நிரப்பி அனுப்பவே இல்லை. சேர்ந்த சில நாளிலேயே அனுப்பியிருக்க வேண்டும். நான்கு மாதம் ஓடியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள், சட்டப்படி தொழிலாளிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள், நூற்று எண்பத்தாறு ஃபாரமும் திங்கட்கிழமை ஈ.எஸ்.ஐ. ஆபீசில் கொடுத்து ரசீது முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்றார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

பெயர், அப்பா பெயர், குடும்பத்தில் யார் யார் என்பதெல்லாம் அவர்கள் வேலைக்குப் போட்ட மனுவிலேயே இருந்தன. பார்த்து எழுதிவிடலாம். ஒரே ஒரு கட்டம்தான் இடித்தது. குடும்பத்தார் தொழிலாளியுடன் வசிக்கிறார்களா, இல்லையென்றால் எந்த ஊரில் என்று கேட்கும் கட்டம். அதைப் பொறுத்துத்தான் குடும்பம் எந்த டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கலாம் என்பது முடிவாகும். இதை மனுவிலிருந்து எடுக்க முடியாது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். லைனை நிறுத்த ப்ரொடக்‌ஷன்காரர்கள் விடமாட்டார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. ஸ்ரீபெரும்புதூரில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவரிடம் சனிக்கிழமை காலை போய் நின்று இரண்டு ஸ்டாம்பு செய்து வாங்கினேன். ஒன்றில் ‘ஆம், உடன் வசிக்கிறார்கள்’. மற்றொன்றில் கம்பெனிக்குப் பக்கத்து டிஸ்பென்சரியின் பெயர். மத்தியானம் கேன்டீன் வரிசையில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் போட்டு, வெற்று ஃபாரத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினேன். என்ன ஃபாரம் என்று கேட்டவர்களுக்கு, “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறதுக்கு” என்றேன். அப்பளம் ஒரு கையில், பேனா ஒரு கையில் என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அறையைச் சாத்திக்கொண்டு டப் டப்பென்று குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் நூற்று எண்பத்தாறும் தயார். மேனேஜர் வந்து அடுக்கைப் பார்த்தார். தோளைத் தட்டினார்.

திங்கட்கிழமை ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் வயதானவர். ரிட்டயர்மென்டுக்குச் சில மாதமே இருக்கும். அவசரமே இல்லாமல் ஃபாரங்களைப் புரட்டினார். புரட்டியபடியே சிலதைத் தனியாக எடுத்து அடுக்கினார். பதினாலு ஃபாரம். எண்ணி முடித்துக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் இது? ஒரே கதவு நம்பர்ல, குடும்பத்தோட சேத்து அறுபத்திரண்டு பேரு கீறாங்க. பத்துக்குப் பத்து ரூமு. இவுங்கல்லாம் எங்க சார் தூங்குவாங்க?”

“ஷிஃப்ட் சார்,” என்றேன். “மூணு ஷிஃப்ட்டா தூங்குவாங்க.”

பக்கத்து மேசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

“சிரிப்பு இருக்கட்டும் சார். ஊர்ல கீற ஒரு பொம்பளைக்கு முடியாம போயி டிஸ்பென்சரிக்குப் போனா, நீங்க குத்துன இந்த ‘ஆம்’தான் வாசல்ல நின்னுகினு உள்ள வுடாது. இப்போ வாங்கிக்கறேன். ஒரு வாரத்துல பசங்கள கேட்டு, திருத்தி எழுதிகினு வாங்க. நானே மாத்தித் தரேன்.”

கட்டாயம் சார் என்றேன். முத்திரை வாங்கினேன். ஆடிட் நன்றாக முடிந்தது. அந்த ஒரு வாரம் எப்போது முடிந்தது என்றே எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் எனக்கு யாராவது குரு உண்டென்றால் அவர்தான். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து கருப்பசாமி என்ற பையன் வந்தான். மோல்டிங் பிரஸ்ஸில் வேலை. ராஜபாளையத்துப் பக்கம். பேசினால் பாதி வார்த்தை வெளியே வரும், பாதியை நாம்தான் ஊகிக்க வேண்டும். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் பெருவிரல் கறுத்துவிட்டது. ஊரில் உள்ள டிஸ்பென்சரிக்குப் போனால், குடும்பம் கம்பெனிப் பக்கத்தில் வசிப்பதாக ஈ.எஸ்.ஐ. கார்டில் இருக்கிறது, அங்கேயே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. கார்டில் இருந்ததைப் படித்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றித் தருவதாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை. ஒரு கடிதம். நான்கு வரி. டைப் அடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்த நான்கு வரியில், தவறு எங்களுடையது என்று எழுத வேண்டும். ஒருவன் விஷயத்தில் தவறென்றால் அதே அடுக்கில் உள்ள மற்ற ஃபாரங்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஸ்டாம்பு. அந்த மாதம்தான் எனக்கு ஆபீசர் பதவி கொடுக்கலாமா என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எழுதிப் போட்டுடறேன்பா, வந்துரும்” என்றேன்.

எழுதவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருந்தால் அவன் வேறு வழி பார்த்திருப்பான். கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பான், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பான். கம்பெனி சார் எழுதிப் போட்டிருக்கிறார், கார்டு வந்துவிடும் என்று ஊருக்கு போன் பண்ணிச் சொன்னான். அந்தம்மாள் தெருக்கோடியில் ஒரு கம்பவுண்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். என் பேச்சை நம்பி, இரண்டு வாரம்.

இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி வந்தபோது என் அறையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், கேன்டீன் கான்ட்ராக்டர், ஸ்டோர்ஸ்காரர் என மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாசலிலேயே நின்று, “சார், அந்த லெட்டரு” என்றான். மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பாருங்கள். எத்தனையோ நல்ல முடிவுகளை அதற்குள் எடுக்கலாம். நான் எடுத்த முடிவு இது:

“ஏம்பா, அங்க எதுக்குக் கெடந்து அல்லாடணும்? கார்டு இங்கதான கீது, அம்மாவ இங்க கூட்டிகினு வந்துரு. காலையும் காட்டுன மாதிரி இருக்கும், பீச்சையும் காட்டுன மாதிரி இருக்கும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கான்ட்ராக்டருக்குப் புரையேறியது. கருப்பசாமியும் சிரித்தான். சார் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரிக்கும் சிரிப்பு அது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் டீயைக் குடித்து முடித்தேன்.

அவன் கூட்டிக்கொண்டு வந்தான். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில், ஒரு ராத்திரி முழுக்க, புண் காலைத் தொங்கப் போட்டபடி. இறங்கும்போது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. இங்கே டிஸ்பென்சரியில் கட்டைப் பிரித்துப் பார்த்தவுடனே சென்னையில் பெரிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி சார்பில் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் மேனேஜர். யாராவது என்றால் பர்சனல் டிபார்ட்மென்ட். நானா, பீரோவா, ஃபேனா என்று பார்த்தால் நான்தான். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனேன். வார்டு வாசலில் டாக்டர் கருப்பசாமியிடம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நாற்பது வயசு ஆள், கையில் ஹார்லிக்ஸோடு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

உள்ளே அந்தம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்றேன். ஆபரேஷனுக்குத் தம்படி செலவில்லை, எல்லாம் நீங்கள் போட்டுக்கொடுத்த கார்டினால்தான், நன்றாக இருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தன் வீட்டுக்காரர் மில்லில் இருந்த காலத்திலேயே ஈ.எஸ்.ஐ.யில்தான் எல்லா வைத்தியமும் என்றும், இரண்டு பிரசவமும் அதில்தான் என்றும், ஊரில் உள்ள அந்த டிஸ்பென்சரிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன் என்றும் சொன்னார்கள். இந்தத் தடவை மட்டும் என்னமோ சேர்த்துக்கொள்ளவில்லை, சட்டம் மாறிவிட்டதா சார் என்று கேட்டார்கள்.

“ஆமாம்மா, சட்டத்த மாத்திட்டாங்க” என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். லீவுக்காகவே மூன்று தாத்தாக்களைச் சாகடித்திருக்கிறேன். ஆனால் படுத்திருக்கிற ஒருவர் முகத்தைப் பார்த்து, என் கையால் நடந்ததைச் சட்டத்தின் தலையில் போட்டது அன்றுதான்.

கருப்பசாமி என்னோடு படிக்கட்டுவரை வந்தான். அங்கே நின்றான். பாதி வார்த்தையை விழுங்குகிற பையன், அன்று ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

“ஈ.எஸ்.ஐ. ஆபீசுல என் ஃபாரத்த எடுத்துக் காட்டுனாக சார். நான் கையெழுத்துப் போட்டப்ப அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு.”

நான் ஆடிட், அவசரம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நானே நிறுத்திவிட்டேன்.

“அம்மாகிட்ட நான் சொல்லல சார். நான் சொன்னா அழும். சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. இல்லேன்னா விட்டுருங்க.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவன் திட்டாமல் வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

எனக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்பீர்கள். பிற்பாடு மேனேஜரிடம் போய்ச் சொன்னபோது, ஒரு மெமோ கொடுத்தார். ஆபீசர் பதவி ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவ்வளவுதான். ஒரு காலுக்கு ஒரு வருஷம். கணக்கில் நான் லாபம். ஆனால் ஃபாரங்களைத் திருத்துவதற்காகப் பையன்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டபோது வேறொன்று தெரியவந்தது. ஏற்கெனவே நான்கு பேருடைய குடும்பத்தை இதேபோல் ஊரில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவனுக்கு மனைவி, ஒருவனுக்குக் கைக்குழந்தை. ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கைக்குழந்தைக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு, “நீங்க ஏதாச்சும் தமாஷா சொல்லுவீக சார், கூட நாலு பேரு சிரிப்பாக. அதான் வரல” என்றான்.

பிள்ளைகளே, இன்றைக்கு உங்களுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் ஒரு முறை ‘ஆம்’ என்று போட்டு இழுத்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் ‘ஆம்’ என்று விழுகிறதாமே. என் பெண்தான் காட்டினாள். நான் நூற்று எண்பத்தாறு தடவை கையை ஓங்கிக் குத்த வேண்டியிருந்தது. அத்தனை தடவையில் ஒரு தடவையாவது நிறுத்தியிருக்கலாம். உங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்பது மட்டும்தான். கேட்டு வருகிறவனிடம் முடியும், முடியாது, தப்பு என்னுடையது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். நான்காவதாக என்னைப் போல எதுவும் கண்டுபிடிக்காதீர்கள்.

படிக்கட்டில் அவன் அப்படிச் சொன்ன மூன்றாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை கம்பெனி அனுப்பவில்லை. வழியில் ஒரு பை சாத்துக்குடி வாங்கினேன். சர்க்கரைக்காரருக்குச் சாத்துக்குடி கொடுக்கலாமா என்பது வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. சர்க்கரைக்காரருக்கு முன்பு வாங்கிப் போனது ஹார்லிக்ஸ் என்பது அதற்கும் பிறகு நினைவுக்கு வந்தது.

கருப்பசாமி மருந்து வாங்கப் போயிருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னேன். சட்டம் மாறவில்லை என்பதிலிருந்து தொடங்கினேன். கேன்டீன் வரிசை, ஸ்டாம்பு, எழுதிப் போட்டுவிட்டேன் என்று சொன்னது, எழுதாமல் இருந்தது, பீச்சைப் பார்க்கலாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எங்கேயும் தமாஷ் வந்துவிடக் கூடாதென்று வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிப் பேசினேன். அவ்வளவு நேரம் தமாஷ் இல்லாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தம்மாள் என்னைப் பார்க்கவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுவார்கள் என்று பயந்தேன். அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ டிபன் கேரியரைத் திறந்து மூடினார்கள். பிறகு கேட்டார்கள்.

“எம்புட்டுப் பேருக்கு அப்படிக் குத்துனீக?”

“நூத்தி எண்பத்தாறு பேருக்கும்மா.”

“எல்லாத்துக்கும் மாத்தி எழுதிக் குடுத்தாச்சா?”

“இல்லம்மா. இன்னும் ஆரம்பிக்கல.”

அப்போதுதான் திரும்பி என்னை நேராகப் பார்த்தார்கள்.

“அப்ப இங்கன எதுக்கு உக்காந்திருக்கீக?”

எழுந்தேன். போயிட்டு வரேம்மா என்றுகூடச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பஸ் மாறி, பஸ் மாறி, ஜெனரல் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் இறங்கி, பையன்கள் தங்கியிருந்த முதல் அறையின் கதவைத் தட்டினேன். திறந்த பையன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். கொடுக்க மறந்த சாத்துக்குடிப் பை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.